வால்வுக்கு அருகில் கிடந்த கெட்டில்

டிசம்பர் 4

கொழுந்தனாருக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் அண்ணன் நலமாக இல்லை. வலது கை முழுக்கக் கட்டு. திரவ வாயு பட்ட இடத்தில் தோல் வெந்ததுபோல உரிந்திருக்கிறது. குளிர் பட்டாலும் தோல் வெந்துபோகும் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நர்ஸ் கட்டு மாற்ற வந்தால் என்னை வெளியே போகச் சொல்லிவிடுகிறார். எனக்குக் காட்ட மாட்டாராம்.

நேற்று உங்கள் ஆலையிலிருந்து காகிதம் வந்தது. விடியற்காலையில் டாங்கர் லாரிக்கு வாயு ஏற்றிக்கொண்டிருந்தபோது குழாய் கழன்று கொட்டியதாம். காவலுக்கு நின்ற ஆபரேட்டர், அதாவது உன் அண்ணன், வால்வை மூடும் சிவப்புப் பட்டனை அழுத்தவே இல்லையாம். ஆபரேட்டர் கேபினில் கண்ணயர்ந்திருக்க வேண்டுமாம். விசாரணை முடியும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாதாம். இதே முடிவு நிலைத்தால் வேலை போகும். வேலை போனாலாவது வேறு வேலை தேடலாம். லாரிக்கு வாயு ஏறும்போது தூங்கியவன் என்ற பேரை எங்கே போய்க் கழுவுவது?

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன தெரியுமா? "வால்வைச் சோதித்தேன். உடனே மூடியது. குறை எதுவும் இல்லை." கீழே உன் கையெழுத்து. வளைவு நெளிவெல்லாம் அப்படியே உன்னுடையதுதான்.

அவரைக் கேட்டால், "அழுத்தினேன். மூடல. கையால சுத்தி மூடினேன்" என்கிறார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

தம்பி, நான் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கர். எங்கேயோ ஒரு தையல் விட்டிருக்கிறது என்று நம்பித்தான் துணியையே தொடுவேன். உன் வாக்குமூலத்திலும் தையல் விட்டிருக்கிறது. அடுத்த மாதம் உன்னைக் கருவிப் பிரிவுப் பொறுப்பில் நிரந்தரமாக்கப் போகிறார்களாமே? வால்வில் குறை இருந்தால் அது உன் தலையில் விடியும். குறை இல்லையென்றால் அண்ணன் தலையில் விடியும். எதைத் தேர்ந்தெடுத்தாய் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆபீஸ் போனில் கேட்டால் அங்கே நாற்காலிக்குக்கூடக் காது முளைக்கும். மலைமேல் உன் மொபைல் எடுக்காது. அதனால் டாங்கர் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறை மடிப்பின்மேல் குறுக்காகப் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் எழுது.

அண்ணி


டிசம்பர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

கோடு விலகவில்லை. டிரைவர் அப்பாவி. உங்கள் பட்டியலிலிருந்து அவரையாவது விட்டுவிடுங்கள்.

நான் அண்ணனை இறக்கிவிட்டு ஏறப் பார்க்கிறேன் என்கிறீர்கள். படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. கோபத்தில்தான். இந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்த வால்வைத் திறந்து பிடித்திருப்பது காற்று. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று ஓர் உருளைக்குள் நின்றுகொண்டு பெரிய ஸ்பிரிங் ஒன்றை அமுக்கி வைத்திருக்கும். சிவப்புப் பட்டனை அழுத்தினால் அந்தக் காற்று ஒரு சின்ன வாய் வழியாக உஸ்ஸென்று வெளியே போகும். ஸ்பிரிங் நிமிரும், வால்வு மூடும். மூடாமல் போக ஒரே வழி, அந்த வாயைப் பனிக்கட்டி அடைத்துக்கொள்வதுதான். காற்று வெளியே போக முடியாமல் உள்ளேயே நிற்கும், வால்வும் திறந்தபடி நிற்கும்.

பனிக்கட்டி வேண்டுமென்றால் ஈரம் வேண்டும். என் காற்றில் ஈரமே கிடையாது, அண்ணி. தினமும் காற்றுத் தொட்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை நானே திறந்து வடிக்கிறேன். ஈரம் உறிஞ்சும் மணிகளை நிறம் மாறுவதற்கு முன்பே மாற்றுகிறேன். உருளையைச் சுற்றிச் சூடாக்கும் கேபிள் ஓடுகிறது. அதன்மேல் கம்பளி உறை. கேபிளுக்குக் கரண்ட் வருகிறதா என்று காட்டப் பச்சை விளக்கு. குளிர் தொடங்கியதிலிருந்து ஒரு வால்வுகூட என்னிடம் சண்டித்தனம் செய்யவில்லை. போன வருஷம் இருந்தவர் காலத்தில் தினம் ஒன்று மக்கர் செய்யும். இங்கே என்னைக் 'காற்றுக்காரன்' என்று கூப்பிடுகிறார்கள். கேலிதான். ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று மதியம் ஆபீஸ் மேனேஜர் முன்னால்தான் சோதித்தேன். பட்டனை அழுத்தினேன், மூடியது. மூடியதை மூடவில்லை என்று எப்படி எழுதுவது?

இன்னொன்றும் சொல்கிறேன். விசாரணையில் நான் சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது பெரிது. அது அண்ணனுக்காக விட்டது. அதைக் கிளறாதீர்கள்.

உங்கள் கொழுந்தன்


டிசம்பர் 10

தம்பி,

கிளறாதே என்று யாராவது சொன்னால் நான் அங்கேதான் கிளறுவேன். உனக்கு என்னைத் தெரியாதா?

முதல் கேள்வி. வாயு கொட்டியது விடியற்காலையில். நீ சோதித்தது மதியத்தில். நடுவில் அத்தனை நேரம் என்ன செய்தீர்கள் எல்லோரும்? எங்கள் கம்பெனியில் காலையில் திருப்பி அனுப்பிய சட்டையை மதியம் கொண்டுவந்து காட்டி, "பாருங்க மேடம், நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். நல்லாத்தான் இருக்கும். நடுவில் யாரோ கை வைத்திருப்பார்கள்.

இரண்டாவது. உனக்கும் அவருக்கும் போன மாதத்திலிருந்து பேச்சே இல்லையாமே? ஒரே கேன்டீனில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களாம். டிரைவர்தான் சொன்னார். (அப்பாவி இல்லை பார், நிறையத் தெரிந்து வைத்திருக்கிறார்.) இவர் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் "தம்பி எப்படி இருக்கான்" என்று கேட்டேன். "நல்லா இருக்கான், கெட்டிக்காரன்" என்றார். சண்டை போட்டவர் பேசுகிற பேச்சா இது? என்னிடமிருந்து என்னத்தை மறைத்தீர்கள் இரண்டு பேரும்?

மூன்றாவதுதான் முக்கியம். சொல்லாமல் விட்டது என்ன? அண்ணனுக்காக மறைத்தேன் என்று எழுதினால் நான் உருகிப்போவேன் என்று நினைத்தாயா? எனக்குப் பூச்சுற்றாதே. அவர் பட்டனை அழுத்தினாரா இல்லையா என்பதில் உன் மனசுக்குள் என்ன இருக்கிறது, அதை எழுது. பாதி எழுதிப் பாதி முழுங்கினால் அடுத்த லாரியில் நானே ஏறி வருவேன்.

அண்ணி


டிசம்பர் 13

அண்ணி,

கேட்டுவிட்டீர்கள். அப்புறம் ஏன் எழுதினாய் என்று என்னைத் திட்டக் கூடாது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான். அண்ணன் வால்வின் கீழ்ப்பக்கக் கைச்சக்கரத்தைச் சுற்றி மூடி முடித்திருந்தார். கையுறை நனைந்து விறைத்துப்போயிருந்தது. அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால், வால்வுக்கு நேர் கீழே கேபின் கெட்டில் கிடந்தது. தரையெல்லாம் தண்ணீர் உறைந்து கண்ணாடி போட்டதுபோல வழுக்கியது.

லாரிக்கு வாயு ஏறும்போது ஆபரேட்டர் காவல் கம்பத்தை விட்டு ஓரடி நகரக் கூடாது. பட்டன் அந்தக் கம்பத்தில்தான் இருக்கிறது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் கம்பத்தில் எப்படி இருந்திருப்பார்? டீ போடப் போயிருக்கிறார். குழாய் கழன்றதும் கெட்டிலோடு ஓடி வந்து, பதற்றத்தில் பட்டனை மறந்து, நேராகச் சக்கரத்துக்குப் போயிருக்கிறார். அழுத்தியதாக அவரே நம்பிக்கொண்டிருக்கலாம். அது வெறும் பட்டன், எந்தக் கம்ப்யூட்டரிலும் பதியாது.

யாரும் பார்ப்பதற்குள் கெட்டிலை எடுத்து என் டூல் அலமாரியில் பூட்டினேன். இதுதான் நான் மறைத்தது. தூங்கினார் என்று சந்தேகப்படுவது வேறு, வாயு ஏறும்போது டீக்குப் போனார் என்று நிரூபணமாவது வேறு. நிரூபணமானால் போலீஸ் கேஸாகிவிடும். இப்போது சொல்லுங்கள், இறக்கிவிடுகிறவன் செய்கிற வேலையா இது?

மதியம்தான் சோதித்தேன், உண்மை. வாயு கலையும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. அதற்குள் வெயில் வந்துவிட்டது. வந்தால் என்ன? கேபிளின் பச்சை விளக்கு எரிகிறது, காற்றில் ஈரமில்லை, உறைந்திருக்க வழியே இல்லை.

சண்டை ஒன்றும் பெரிதில்லை. கேன்டீனில் எல்லோர் முன்னாலும் என் வேலையில் குறை சொன்னார். நானும் எல்லோர் முன்னாலும் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

உங்கள் கொழுந்தன்


டிசம்பர் 15

தம்பி,

உட்கார்ந்து படி.

உன் அண்ணன் டீ குடிப்பதில்லை. வயிற்றுப்புண் என்று டாக்டர் நிறுத்தச் சொன்னதிலிருந்து வாயில் வைப்பதில்லை. உனக்குத் தெரியாது. ஒரே கேன்டீனில் வேறு மூலையில் உட்கார்ந்தால் எப்படித் தெரியும்? கெட்டிலும் டீயும் என்று நீ எழுதிய வரியைப் படித்ததும், நேராக அவர் கட்டிலுக்குப் போய் நின்றேன்.

"கெட்டில் வால்வுக்குக் கீழ எப்படி வந்துச்சு?"

"எந்தக் கெட்டில்?"

"உங்க தம்பி பூட்டி வெச்சிருக்கிற கெட்டில்."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவன் எடுத்துட்டானா? நல்லதாப் போச்சு" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, வாயை விட்டுவிட்டோம் என்று புரிந்துகொண்டார். நான் விடவில்லை. கத்தினார். நானும் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் பாவம், போர்வையை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக்கொண்டார்.

கடைசியில் சொன்னார். ஷிப்ட் தொடங்கும்போது வால்வை ஒரு தரம் அசைத்துப் பார்ப்பது வழக்கமாமே. குளிர் வந்ததிலிருந்து அந்த ஒரு வால்வு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றதாம். ஏணியில் ஏறிக் கம்பளி உறைக்குள் கையை விட்டால் கேபிள் ஜில்லென்று இருந்ததாம். விளக்கு மட்டும் பச்சையாக எரிகிறதாம். கோடையில் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஏணியைச் சாய்த்து நசுக்கியிருப்பார்கள் என்கிறார்.

"தம்பிகிட்ட சொல்லலையா?" என்றேன்.

"சொன்னேன். கேன்டீன்ல வெச்சு, கேபிளைக் கையால தொட்டுப் பாருன்னு சொன்னேன். 'விளக்கு எரியறது தெரியலையா, கண்ணாடி மாத்து'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

அந்த பதில் இதுதானா தம்பி?

அதற்குப் பிறகு உன்னிடமும் பேசவில்லை, ஆபீஸிலும் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொடுத்தால் நீ நிரந்தரமாவது அதோடு சரி. அதனால் தன் ஷிப்ட் வரும்போதெல்லாம் கெட்டிலில் வெந்நீரோடு ஏணி ஏறி அந்த உருளைமேல் ஊற்றியிருக்கிறார். ஊற்றினதும் அசையுமாம், வெயில் ஏறிவிட்டால் தானாகவே அசையுமாம். அன்றைக்கும் லாரி வருவதற்கு முன்னால் ஊற்றினாராம். அசைந்ததாம். லாரி வர நேரமாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் அந்தச் சின்ன வாய்க்குள் இறங்கி உறைந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்கிறார். கம்பத்தில்தான் நின்றாராம். பட்டனை அழுத்தி, அழுத்தி, மறுபடி அழுத்தினாராம்.

உன் காற்றில் ஈரமில்லைதான். ஈரத்தை வெளியிலிருந்து ஊற்றியது அவர். உனக்காக ஊற்றியிருக்கிறார். ஒரு வால்வும் சண்டித்தனம் செய்யவில்லை என்று மார்தட்டினாயே, அது யார் புண்ணியம் என்று தெரிந்துகொள்.

"அவனுக்கு எழுதிடாத. முதல்ல நிரந்தரம் ஆகட்டும்" என்று என்னிடம் சத்தியம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததைச் சத்தியமாக எடுத்துக்கொண்டால் அது அவர் தப்பு.

இதையும் நான் முழுசாக நம்பிவிடவில்லை. அவரும் மறைக்கத் தெரிந்தவர்தான். நீ போய்த் தொட்டுப் பார்.

அண்ணி


டிசம்பர் 20

அண்ணி,

தொட்டுப் பார்த்தேன்.

ஏணி போட்டு ஏறி, உறையை அவிழ்த்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கேபிளைப் பிடித்தேன். பிணத்தைத் தொட்டதுபோல் இருந்தது. விளக்குப் பெட்டிவரை கரண்ட் வருகிறது, அதனால் விளக்கு எரிகிறது. பெட்டியைத் தாண்டி நசுங்கிக் கிடக்கிறது. மற்ற வால்வுகளையெல்லாம் தொட்டுத்தான் பார்த்திருந்தேன். இது உயரத்தில் இருக்கிறது. கீழே நின்று விளக்கைப் பார்த்து நல்லது என்று எழுதிவிட்டேன். ஏணியிலிருந்து இறங்க நேரமாயிற்று.

அன்றே மேனேஜரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட ஆள் இல்லை அவர். "முதல்ல குறையே இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்க. இப்போ அண்ணனுக்காகப் பேசறீங்க. ரெண்டுல எதை நான் நம்பறது?" என்றார். கெட்டிலை அவர் மேஜைமேல் வைத்தேன். "இது அலமாரியில இருந்துச்சுன்னு சொல்றீங்க. எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சந்தேகத்தில் என்ன தப்பு? என் காற்றில் ஈரமே கிடையாது என்று நான் உங்களுக்கு எழுதியதை அவர் படித்திருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டிருப்பார்.

"நீங்களே பட்டனை அழுத்திப் பாருங்க சார்" என்றேன். "அன்னிக்கு மாதிரியே குளிர் இருக்கணும். அன்னிக்கு மாதிரியே தண்ணி ஊத்தணும்."

வாயுக் குழாயை இரண்டு பக்கமும் அடைத்துக் காலி செய்தோம். கடுங்குளிர் விழுந்த விடியலுக்காகக் காத்திருந்தோம். நேற்று விழுந்தது. அண்ணன் ஊற்றியதுபோலவே வெந்நீர் ஊற்றினேன். வால்வு உடனே சொன்ன பேச்சைக் கேட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார். "பொறுங்க சார்" என்றேன். லாரி தாமதமான நேரம்வரை நின்றோம். இருவர் பல்லும் கிட்டிக்கொண்டது. மூடிவிட்டால் அண்ணன் கதை முடிந்தது. மூடாவிட்டால் என் கதை முடிந்தது. ஆனாலும் மூடாதே, மூடாதே என்றுதான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். என் கையால் பராமரித்த வால்வு வேலை செய்யக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

மேனேஜர் பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். உள்ளங்கையால் குத்தினார். வால்வு அசையவில்லை. ஏணியில் ஏறி அந்தச் சின்ன வாயைக் காட்டினேன். உள்ளே பனிக்கட்டி அடைப்பான் போட்டதுபோல உட்கார்ந்திருந்தது.

அப்புறம், "உங்க அண்ணன் எத்தனை தடவை அழுத்தியிருப்பாரு" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அண்ணன்மேல் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்கள். வெந்நீர் ஊற்றியதற்கும் சொல்லாமல் விட்டதற்கும் கண்டிப்பு ஒன்று வரும், அதோடு சரி. கை ஆறியதும் வேலைக்கு வரலாம். கேபிளைத் தொடாமல் நல்லது என்று எழுதியதற்கும், கெட்டிலை மறைத்ததற்கும் எனக்கு வேலை இல்லை. வியாழக்கிழமை லாரியில் கீழே வருகிறேன். கீழே வந்து எங்கே போவது என்று தெரியவில்லை. எனக்கு இருப்பது உங்கள் வீடுதான். அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. அண்ணன் என்ன சொல்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

கொழுந்தன்


டிசம்பர் 22

தம்பி,

உன் கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். சத்தியத்தை மீறியவள் என்று முதலில் எனக்குத்தான் திட்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். மேனேஜர் பட்டனைக் குத்திய இடம் வந்ததும், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

கடைசிப் பக்கம் படித்ததும், "முட்டாப் பய. யாரு கேட்டா இவனை?" என்று கத்தினார். நர்ஸ் ஓடி வந்துவிட்டார். உன் வேலை போனதற்காகக் கோபம். தன் பேர் மீண்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது என் பங்கு. இரண்டு விரல் இனி முழுதாக மடங்காது என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார். சட்டைப் பொத்தான் போட இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு. இந்த வீட்டில் எதைத்தான் யாரிடமும் சொல்லலாமோ தெரியவில்லை. சொல்லாமல் சொல்லாமல்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், அதனால் சொல்கிறேன்.

மேனேஜரை நிறுத்தி வைத்து நீ அன்று விடியலில் சோதித்துக் காட்டியது அண்ணனுக்காகவா, குற்ற உணர்ச்சியாலா, இல்லை நான் எழுதிவிட்டேன் என்ற பயத்தாலா என்று ராத்திரியெல்லாம் புரட்டிப் பார்த்தேன். அப்படிப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். விடை தெரியவில்லை. பரவாயில்லை, இது ஒன்றை நான் சோதிக்காமலே பாஸ் செய்கிறேன்.

அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டாய். உன்னை அவர் மன்னிக்கவில்லை, ஏனென்றால் தன் கைக்காக உன்மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கோபம் மொத்தமும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு விரல்கூடக் குறையாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

வியாழக்கிழமை வழியில் எங்கேயும் சாப்பிடாமல் வா.

அண்ணி